பின்னறையில் யாரும் இல்லை

நாவல் வெளிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதில் செத்துப்போனவனின் தங்கச்சி என்னைத் தேடி வந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். மதிய மணி அடித்து, டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து, "டீச்சர், பழனியிலருந்து ஒரு பாய் வீட்டம்மா வந்திருக்காங்க. புத்தகம் எழுதுன டீச்சரைப் பாக்கணுமாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நாவலைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவர்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. தலையில் வெள்ளைத் துப்பட்டி. கூடவே காலேஜ் படிக்கிற மகள். அம்மாவின் கையில் என் நாவல், அதன் முதுகில் லைப்ரரி நம்பர் ஒட்டியது. மகள் பழனி நூலகத்தில் எடுத்து வந்து, சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"நீங்கதானுங்களா இத எழுதுனது?"

"ஆமாக்கா."

"எங்கண்ணனை உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்குப் புரியவில்லை. அந்த நாவல், எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்த் தோல் ஷாப்புகளில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றியது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வேலைநிறுத்தம் நடந்தபோது எனக்கு நாலு வயசு இருக்கும். அதனால் பேகம்பூரிலும் மேட்டுப்பட்டியிலும் பழைய தொழிலாளிகளைத் தேடித் தேடிப் பேசி, கேட்டதையெல்லாம் சேர்த்து எழுதினேன். ஆனால் கதையின் நடுவில் நிற்கிற அந்த இளைஞன், வேலைநிறுத்தத்தை நடத்திவிட்டுத் தலைமறைவாகப் போகிறவன், யாரும் சொல்லி வந்தவன் இல்லை. அவனை நானே உண்டாக்கினேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கதைதான்க்கா. கற்பனை" என்றேன்.

"கற்பனைங்களா?" அவர் பக்கத்தைப் புரட்டினார். அடையாளத்துக்குத் தீக்குச்சி வைத்திருந்தார். "செருப்பைத் துண்டுல சுத்தித் தலைக்கு வச்சுப் படுப்பான்னு எழுதிருக்கீங்களே, இது கற்பனைங்களா? சின்ன வயசுல பள்ளிவாசல்ல புதுச் செருப்பு களவு போயிருச்சுங்க. அத்தா போட்டு அடிச்சாரு. அன்னையிலருந்து அவன் அப்படித்தான் படுப்பான். தரித்திரம் புடிக்கும்டான்னு அம்மா கத்தும். எங்க வீட்டு நாலு செவுத்துக்குள்ள இருந்த விஷயமுங்க இது."

அவனைச் செருப்பின் மேல் தலை வைத்துப் படுக்கவைத்தபோது நான் ஒரு காரணமும் யோசித்திருக்கவில்லை. எந்நேரமும் ஓடத் தயாராக இருப்பவன் என்று விமர்சனம் எழுதிய ஒருவர் பாராட்டியிருந்தார். நானும் ஒப்புக்கொண்டேன்.

"அப்புறம் இது." இன்னொரு தீக்குச்சி. "ஒளிஞ்சிருக்க வீட்டுல ஒரு பாப்பாவை 'சீனிக்கட்டி'ன்னு கூப்புடுறான். என்னையத்தாங்க அப்படிக் கூப்புடுவான். உலகத்துல என்னைய மட்டும்தான்."

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. உச்சி வெயிலில் என் முன்னங்கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. மகளும் அதைப் பார்த்தாள்.

அவர் குரல் உயரவேயில்லை. "கடைசியில கிணத்துமேட்டுல லாரிக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். ஜீப்பு வருது. கிணத்துல போட்டுடுறாங்க. அந்தக் கிணறு எங்கீங்க இருக்கு?"

"அப்படி ஒரு கிணறே இல்லக்கா. நானா எழுதுனது."

பொய் சொல்கிற பிள்ளையை டீச்சர்கள் நாங்கள் பார்ப்போமே, அந்தப் பார்வை பார்த்தார். கோபம் இல்லை. "இத்தன வருசமா எல்லாரும் தெரியாதுன்னுதாங்க சொல்றாங்க. நீங்க பயப்படாதீங்க, கேசு கீசு போட நான் வரல. எங்க கெடக்கான்னு தெரிஞ்சா ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போயிருவேன்."

பழனியில் அவர் வீட்டுக்காரர் பேக்கரி வைத்திருந்தார். கடையின் பெயர் அச்சடித்த பன் உறையைக் கிழித்து அதில் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனார். நான் அன்று சாப்பிடவில்லை. பிற்பகல் வகுப்பில் என்ன பாடம் எடுத்தேன் என்றும் நினைவில்லை.

அவனைப் பற்றிய அத்தியாயங்களை மட்டும் நான் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து எழுதினேன். அதற்குத் தனியாகக் காரணம் ஏதுமில்லை. கோடை லீவில் முன்பக்கம் அனல் அடிக்கும், பின்னறை குளிர்ச்சி. மற்ற அத்தியாயங்களை எழுதி எழுதிக் கிழித்தேன். அவனுடையதை ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். எழுதும்போது சில மதியங்களில் ஆவாரம்பட்டை ஊறின வாடையும் சுண்ணாம்பு வாடையும் கலந்து வரும். தோல் ஷாப்பு வாடை. பேகம்பூர்ப் பக்கமிருந்து காற்றில் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின பிறகும் வாடை அறைக்குள்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால், சுவரோரமாக, யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பயமாக இல்லை. அதுதான் எனக்கே வினோதமாக இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஏதோ ஒரு பழைய கட்டளை உடம்பில் இருந்தது. நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த லீவு முழுக்க அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. அதையும் நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழனி அம்மா வந்துபோன சாயங்காலம், அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நடந்ததைச் சொன்னேன். செருப்பு என்றதும் அம்மாவின் கை நின்றது. சீனிக்கட்டி என்றதும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

"நம்ம பின்னறையிலதான் இருந்தான்" என்றார்.

"யாரு?"

"நீ எழுதியிருக்கியே, அவன்தான்."

"நீ நாவலைப் படிச்சியா?" கண் தெரியவில்லை, படிக்க முடியாது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் படிச்சேன். பாதிக்கு மேல முடியல. மூடி வச்சிட்டேன்."

அம்மா சொன்னது இதுதான். அப்பா அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். வேலைநிறுத்தத்தில் அடிதடியாகி அவனைத் தேட ஆரம்பித்ததும், கிறிஸ்தவ வாத்தியார் வீட்டில் யாரும் தேட மாட்டார்கள் என்று அவன் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்திருக்கிறான். அப்பா விறகு அடுக்கியிருந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். வெளியே தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும், ஜெயில்கூட. பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம். வீட்டில் நாலு வயசுப் பிள்ளை இருந்தது.

"நீ அறையில மாமா இருக்காருன்னு சொல்லுவ. யாரும் இல்லம்பேன். இருக்காரும்ப. கனவு கண்டிருக்கடிம்பேன். ஒருநா பக்கத்து வீட்டம்மா முன்னாடியே சொல்லிப்புட்ட. அவ போனதும் உன்னைய அடிச்சேன். அதுக்கு முன்னாடி உன்னைய நான் அடிச்சதே இல்ல." அம்மா வெங்காயத் தோலைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். "அதைக் கேட்டு அவன்தான் உனக்கு ஒரு வெளாட்டுச் சொல்லிக் குடுத்தான். உள்ளருந்து 'யாரு இருக்கா?'ம்பான். நீ வாசல்ல நின்னுக்கிட்டு 'யாரும் இல்ல!'ன்னு கத்தணும். அவன் சிரிப்பான். சீனிக்கட்டி ஜெயிச்சிட்டாம்பான். நீ கெக்கெக்கேன்னு சிரிப்ப. அவன் போனப்புறமும் ரொம்ப நாளைக்கு அந்த வாசல்ல போயி நின்னுக்கிட்டு 'யாரும் இல்ல, யாரும் இல்ல'ன்னு கத்துவ. உள்ள ஒரு சத்தமும் வராது. உடம்பெல்லாம் நடுங்கிப் போகும் எனக்கு. அப்புறம் ஒருநா நிப்பாட்டிட்ட. அப்பாடா, பிள்ளை மறந்திருச்சுன்னு மாதாவுக்கு மெழுகுதிரி பொருத்துனேன்."

"அவரு எப்படிம்மா போனாரு?"

வத்தலக்குண்டு ரோட்டில், ஊரைத் தாண்டி ஒரு கிணற்றுமேட்டில் இறக்கிவிட்டால், தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் மதியம் வந்து ஏற்றிக்கொண்டு கம்பம் பக்கம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பிள்ளையோடு போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அப்பா என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். சைக்கிளின் முன்கம்பியில் நான், பின்னால் கேரியரில் அவன். அவனை இறக்கிவிட்டும் லாரி வரவில்லை. வெயில் தாங்காமல் நான் அழ ஆரம்பித்திருக்கிறேன். நீங்க போங்க சார், பாப்பா வாடுதுன்னு அவனே சொல்லியிருக்கிறான். அப்பா சைக்கிளைத் திருப்பிவிட்டார். லாரி தாமதமாகத்தான் போயிருக்கிறது. அங்க யாருமே இல்லையே சார், என்று டிரைவர் மறுநாள் வந்து சொன்னாராம்.

அவ்வளவுதான். அப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அப்பா வத்தலக்குண்டு ரோட்டில் போகவே மாட்டார். சேவுகம்பட்டியில் எங்கள் அத்தை வீடு. நேர் பஸ் இருக்கும்போது எங்களை நிலக்கோட்டை வழியாகச் சுற்றிக் கூட்டிப் போவார். அந்த ரோடு மோசம், வாந்தி வரும் என்பார். நாங்களும் நம்பினோம். அவன் வீட்டில் சொல்லிவிடலாம் என்று பேகம்பூருக்குப் போனவர், அந்தத் தெருவில் ஆட்கள் நின்று நோட்டம் பார்ப்பதைக் கண்டு திரும்பியிருக்கிறார். பிறகு போனபோது வீடு பூட்டிக் கிடந்ததாம். குடும்பமே பழனிப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாவலில் அந்த ஜீப்பின் கித்தான் கூரை கிழிந்து, காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொண்டு வரும். உள்ளே முதலாளியின் ஆட்கள். அந்தச் சத்தத்தை நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

"ஜீப்பு வந்துச்சாம்மா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டுல இருந்தேன். நீதானே கூடப் போன. உனக்குத்தான் தெரியணும்."

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் நடமாடிக்கொண்டிருந்தேனே தவிர, வேறெங்கோ இருந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் கித்தான் அடிக்கும். திரும்பினால் முப்பது நாற்பது பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நினைவைக் கிளறிப் பார்த்தேன். சைக்கிள் கம்பியில் சூடு. அப்பாவின் வேர்வை சட்டையோடு என் முதுகில் ஒட்டுவது. எதிரே ஒன்று வந்து எங்களைத் தாண்டிப் போவது. இது நான் பார்த்ததா? அம்மா சொன்ன பிறகு நானே வரைந்துகொண்டதா? நாவலுக்காக யோசித்ததா? மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தன. பிரிக்க முடியவில்லை.

பழனிக்குப் போன் போட்டேன். "அக்கா, நீங்க வாங்க. எங்கம்மா உங்களப் பாக்கணும்கிறாங்க."

ஒரு சனிக்கிழமை காலையில் தனியாக வந்தார். அம்மா அன்று நல்ல சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் யாரும் அழ ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்துவிட்டார். சொல்லிவிட்டு, "எங்கள மன்னிச்சிரும்மா. பயந்துட்டோம்" என்றார். அக்கா, "நல்லா சாப்புட்டானுங்களா?" என்று கேட்டார்.

"நல்லா சாப்புடுவான். கத்தரிக்காய் வெஞ்சனம் வச்சா இன்னொரு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்புடுவான்."

"கத்தரிக்காயா? எங்க வீட்டுல கத்தரிக்காயக் கண்ணுலயே காட்டக் கூடாதுங்களே அவனுக்கு!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், அந்தச் சிரிப்பிலேயே உடைந்து போனார். அம்மா நகர்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். எழுதினவள் என்கிற உரிமையில் அங்கே உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பின்னறையைக் காட்டச் சொன்னார். உள்ளே போய், ஒரு நிமிஷமும் யோசிக்காமல், சுவரோரமாக, நான் எழுதும்போது யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றிய அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் அந்த இடத்தைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒரு ஆட்டோ பிடித்து வத்தலக்குண்டு ரோட்டுக்குப் போனோம். அம்மாவுக்கு இடம் தெரியாது, கிணற்றுமேடு என்ற வார்த்தை மட்டும்தான் தெரியும். நான் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். எதுவும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் முள்ளுக்காடு, நடுவில் பிளாட் போட்டு நட்ட வெள்ளைக் கற்கள். ஒரு இடத்தில், "இங்க நிறுத்துங்க" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நான்தான்.

பிளாட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்த பெரியவர் ஓலைக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தார். "இங்க கிணறு ஏதும் இருந்துச்சாங்கய்யா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. பாழுங்கெணறு. போன வருசம்தான் மண்ணடிச்சு மூடுனாங்க. நீங்க இடம் வாங்க வந்தவுகளா?"

இல்லையென்று தலையாட்டினோம். மூடின இடம் வட்டமாகக் கொஞ்சம் அமுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த வட்டத்தில் மட்டும் அருகம்புல் பச்சையாக இருந்தது. காற்று அசையவில்லை.

"எந்தப் பக்கமுங்க உக்காந்திருந்தான்?" என்று அவர் கேட்டார்.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வலது கை தானாக எழுந்து, மேற்குப் பக்கம், ஒரு பாறைத்துண்டு கிடந்த இடத்தைக் காட்டியது. கையை நானே வேறு ஆளின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அவர் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. போய் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏதோ முணுமுணுவென்று ஓதினார். ஒரு பிடி மண்ணை எடுத்தார். போடவில்லை. கையிலேயே வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"உள்ள இருக்கான்னு உறுதியாத் தெரியாம எப்படிங்க போடுறது?" என்றார்.

தோண்டிப் பார்க்கலாமா என்று யோசித்தோம். தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, உங்ககிட்ட இருக்கறது ஒரு நாவல். அதை எழுதுனவங்களுக்கு அப்ப நாலு வயசு. இத வச்சு யாருகிட்ட என்னத்தக் கேக்க முடியும்?" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. பிறகு அந்த இடத்தில் வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள்.

அக்கா என் அக்காவாகவே ஆகிவிட்டார். ரம்ஜானுக்கு பேக்கரி கேக் வரும், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அனுப்புவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு அம்மா இறந்தபோது, முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர் அவர்தான். நான் அதற்கப்புறம் நாவல் எழுதவில்லை. ஏனென்று கேட்பவர்களிடம் நேரமில்லை என்பேன். கற்பனை என்று நினைத்து எதை எழுதினாலும் அது யாருடைய வீட்டிலிருந்து எழுந்து வருமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மகளின் கல்யாணம் பழனியில் நடந்தது. முதல் நாள் பெண் வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இளவட்டங்கள் காணாமல்போன மாமாவைப் பற்றிக் கேட்க, அக்கா சொல்ல ஆரம்பித்தார். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள், கொட்டுகிற மழையில், நனைந்த பனியனோடு தோல் ஷாப்பு மதில்மேல் ஏறி நின்று அவன் பேசினதை, கீழே எல்லாரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டதை, பேச்சை முடித்ததும் அவன் தும்மினதை, கூட்டம் சிரித்ததை.

அந்த மழைக் காட்சி என்னுடையது. காலேஜில் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒரு கூட்டத்தில் மழையில் நின்று பேசித் தும்மினார், அதை எடுத்து அவனுக்குப் போட்டேன். இது ஒன்றாவது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று வைத்திருந்தேன்.

"நாந்தான் அவனுக்குத் தலை தொவட்டிவிட்டேன். சொன்னாக் கேக்கவே மாட்டான்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவரும் அந்தக் காலத்தில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். என் நாவலை அவர் படித்ததில்லை, படிக்கவும் தெரியாது. "நான் கீழ நின்னுக்கிட்டிருந்தேனுங்க டீச்சர். அம்புட்டு மழை. தும்முனான் பாருங்க, எனக்கே சிரிப்பு அடக்க முடியல" என்றார்.

கல்யாணப் பெண், மருதாணிக் கையை உயர்த்திப் பிடித்தபடி, என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதுனதுல எனக்குப் புடிச்ச இடம் இதுதான் டீச்சர். நெசமாவே நடந்துச்சுங்களா?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"உங்க அத்தாவே பாத்திருக்காரே" என்றேன்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். அக்கா எனக்குப் பக்கத்தில் இடம் போட்டுக்கொண்டு, தன் தட்டிலிருந்து கறியை எடுத்து எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.